ஒரு சுழி குறைந்த கையெழுத்து

“கையெழுத்து என்னுதுதாம்மா. ஆனா நான் போடல.”

பதினோரு வருடத் துப்பறியும் தொழிலில் இப்படி ஒரு வாக்கியத்தை ஆதிலட்சுமி கேட்டதில்லை. காஞ்சிபுரத்திலிருந்து முக்கால் மணி நேரம் ராஜ்தூத் மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் குலுங்கி வந்த அலுப்பு அந்த நொடியே போய்விட்டது.

உத்திரமேரூர் பேரூராட்சி அலுவலகப் படியில் நின்றபடி அதைச் சொன்னவள் செங்கேணி. முப்பத்தெட்டு வயது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற நாற்பது பெண்களுக்குத் தலைவி. வயலிலிருந்து நேராக ஓடிவந்திருந்தாள். முழங்கால்வரை அப்பிய சேறு காய்ந்து வெடித்திருந்தது.

“முதல்லேர்ந்து சொல்லுங்க” என்றாள் ஆதிலட்சுமி.

“தலைவர் பதவிக்கு நாங்க ரெண்டே பேருதாம்மா நிக்கிறோம். ரைஸ்மில்லு ஏகாம்பரம் மொதலாளி ஒண்ணு, நான் ஒண்ணு. வாபஸ் வாங்க இன்னிக்கி மூணு மணிதான் கெடு. நான் கழனியில கீறேன், சுலோச்சனா டீச்சர் ஓடியாந்து சொல்லுது, ‘நீ வாபஸ் வாங்கிட்டியாமே’ன்னு. பதினோரு மணிக்கு என் வூட்டுக்காரரே வந்து லெட்டர குடுத்துட்டுப் போயிட்டாராம்.”

“அவர் பேர்?”

“சேட்டு. என்ன முன்மொழிஞ்சதும் அவர்தான். அந்த மில்லுலதான் மூட்ட தூக்கறாரு. பதினோரு மணியிலேர்ந்து ஆளக் காணோம்மா. இட்டுக்கினு போயி மிரட்டியிருக்கானுங்க. எங்க அடைச்சி வச்சிருக்கானுங்களோ தெரியல.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஆனால் அழவில்லை. “மூணு மணிக்கி ‘போட்டியில்லாம ஏகாம்பரம்’னு ஒட்டிடுவாங்க. நான் இந்தப் படிய வுட்டு எறங்கமாட்டேன்.”

சுலோச்சனாதான் தபால் ஆபீஸிலிருந்து போன் செய்து ஆதிலட்சுமியை வரவழைத்தவள். பகலில் பால்வாடியில் வேலை, சாயங்காலம் அதே கட்டடத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தருகிறாள்.

வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு மக்பூல் வந்தான். ஆதிலட்சுமியின் உதவியாளன். வாய் மட்டும் எப்போதும் இரண்டடி முன்னால் போகும்.

“மணி ஒண்ணு மேடம். நாஷ்டாவும் போச்சு, மதியச் சோறும் போகப்போவுது. இந்தத் தேர்தல்ல மொதல்ல வாபஸ் வாங்கினது என் வயிறுதான்.”

“உள்ளே வா” என்றாள் ஆதிலட்சுமி.

தேர்தல் அதிகாரி வேதாசலம் கண்டிப்பான மனிதர். மேஜையில் நான்கு கோப்புகள், நான்கும் ஒரே நேர்கோட்டில் இருந்தன. கடிதத்தைக் கையில் தரவில்லை. மேஜையில் வைத்து, பார்க்க மட்டும் அனுமதித்தார்.

“சட்டப்படி வேட்பாளரோ முன்மொழிந்தவரோ கொண்டுவந்து கொடுக்கலாம். முன்மொழிந்தவர் கொடுத்தார். கையெழுத்து வேட்பாளருடையது. இந்த அம்மாவே ஒத்துக்கொள்கிறார். நான் என்ன செய்ய?”

காஞ்சிபுரம் கோர்ட்டில் பன்னிரண்டு வருடம் நகல் எழுதியவள் ஆதிலட்சுமி. மற்றவர்கள் முகத்தைப் படிப்பதுபோல அவள் தாளைப் படிப்பாள். குனிந்து பார்த்தாள். குடும்பச் சூழ்நிலை காரணமாகப் போட்டியிலிருந்து விலகுவதாகத் தமிழ் டைப்ரைட்டரில் அடித்த பத்து வரி. கீழே இன்றைய தேதி. அதற்கும் கீழே, எழுத்துக்கு எழுத்து அழுத்தி வரைந்த கையெழுத்து.

“சார், மேலே ஏழு வரி தாராளமா இடம் விட்டு அடிச்சிருக்கு. கடைசி மூணு வரி மட்டும் ஏன் நெரிசல் பஸ் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு நிக்குது?”

வேதாசலம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “தாளில் இடம் போதாமல் இருந்திருக்கும்.”

“கீழே பாதித் தாள் காலியா இருக்கே. டைப் அடிச்சவர் எதுக்காகவோ ஒதுங்கியிருக்கார். கையெழுத்து ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தா மட்டும்தான் அப்படி ஒதுங்கணும்.”

“ஊகம்” என்றார் வேதாசலம். ஆனால் ‘போங்கள்’ என்று சொல்லவில்லை.

“இவங்க கையெழுத்து போட்ட வேற தாள் ஏதாவது இருந்தா காட்டுங்க சார்.”

அவர் வேட்புமனுவை எடுத்தார். அப்படியே வாக்காளர் பட்டியல் நகல் கொடுத்ததற்கான ரசீதுப் புத்தகத்தையும் திறந்தார். அதில் கடைசியாக இருந்த கையெழுத்து செங்கேணியுடையது. பக்கத்தில் குமாஸ்தாவின் குறிப்பு: இன்றைய தேதி, காலை 8.50.

“இன்னிக்குக் காலையில இங்கே வந்தீங்களா?”

“ஆமாம்மா. லிஸ்ட்ட வாங்கிக்கினு அந்த பெஞ்சியிலியே குந்தி, எங்க பொம்பளைங்க பேரெல்லாம் கீதான்னு ஒவ்வொண்ணா படிச்சேன். பத்து மணி ஆயிடுச்சி. அப்பறம் நேரா கழனிக்கிப் போயிட்டேன்.”

ஆதிலட்சுமி மூன்று கையெழுத்துகளையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு மக்பூலைக் கூப்பிட்டாள். “இதைப் படி.”

“செங்கேணி” என்றான் வேட்புமனுவைப் பார்த்து. ரசீதையும் பார்த்தான். “செங்கேணி.” வாபஸ் கடிதத்தைப் பார்த்தான். நெற்றி சுருங்கியது. “செங்கே... னி. மேடம், இது ரெண்டு சுழி!”

“மத்த ரெண்டும்?”

“மூணு சுழி. அடப் பேஜாரே! ஸ்கூல்ல ஒரு சுழி வுட்டதுக்கு எனக்குப் பிரம்படி. இங்க ஒரு சுழி வுட்டா மொதலாளி தலைவர் ஆயிடுவாரா?”

வேதாசலமும் எட்டிப் பார்த்தார். முகத்தில் முதல்முறையாக ஒரு அசைவு. ஆனால் தலையை ஆட்டினார். “புதிதாக எழுதக் கற்றவர். ஒரு நாள் சரியாக எழுதுவார், ஒரு நாள் தவறு செய்வார். இதை வைத்து நான் கடிதத்தை நிராகரிக்க முடியாது. மூன்று மணிக்குள் திடமாக ஏதாவது கொண்டுவாருங்கள்.”

செங்கேணியின் காது சிவந்துவிட்டது. தலையைக் குனிந்தபடி சொன்னாள்: “மொதல்ல அப்பிடித்தாம்மா எழுதினு இருந்தேன். டீச்சர் திருத்துனாங்க. அதுக்கப்பறம் தப்பு வுட்டதே இல்ல.”

“எப்போ திருத்தினாங்க?”

“தேதி ஞாபகம் இல்ல. பள்ளிக்கூடத்துல தெனமும் நோட்டுல கையெழுத்து வாங்குவாங்க.”

ஆதிலட்சுமி நிமிர்ந்தாள். “அந்த நோட்டு எங்கே?”

*

பால்வாடி இரண்டு தெரு தள்ளி இருந்தது. நடந்தே போனார்கள். கடைத்தெருச் சுவரெல்லாம் ஏகாம்பரத்தின் பெயர் நீலத்தில் எழுதப்பட்டிருந்தது. சில இடங்களில் ‘வேட்பாளர்’ என்பதை அதற்குள் ‘தலைவர்’ என்று மாற்றிவிட்டார்கள்.

“ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே குடத்துல ஓலை போட்டு ஆள எடுத்த ஊரு மேடம் இது” என்றான் மக்பூல். “குடத்தையே தூக்கிக்கினு ஓடறவன் அப்பவும் ஒருத்தன் இருந்திருப்பான்.”

சுலோச்சனா இரும்புப் பெட்டியைத் திறந்து வருகைப் பதிவேட்டை எடுத்தாள். சத்துமாவு மணத்தில் குழந்தைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள்.

ஆதிலட்சுமி பக்கங்களைப் புரட்டினாள். ஐப்பசி முழுவதும் செங்கேணியின் கட்டத்தில் கட்டைவிரல் ரேகை. நவம்பர் பதினெட்டாம் தேதி, திங்கட்கிழமை, ரேகை இல்லை. கோணலாக, பெரிதாக ஒரு பெயர்: செங்கேனி. பத்தொன்பது, செங்கேனி. இருபதும் இருபத்தொன்றும் அப்படியே. இருபத்திரண்டாம் தேதி கட்டத்தில் சிவப்பு மையில் ஒரு வட்டம், அதற்குள் கொழுத்த மூன்று சுழி ‘ணி’. அதற்குப் பிறகு இரண்டு மாதம், ஒரு நாள்கூடத் தவறு இல்லை.

“அன்னிக்கி இவங்க எங்கிட்ட சண்டைக்கி வந்தாங்க” என்றாள் சுலோச்சனா. “‘ஒரு சுழி கொறஞ்சா இன்னா கொறஞ்சிப் போச்சு’ன்னு கேட்டாங்க. ‘உங்க பேரு கொறஞ்சிப் போச்சு’ன்னேன். அன்னியிலேர்ந்து சிலேட்டு தேய்ற வரைக்கும் எழுதிப் பாத்தாங்க.”

“அப்போ ரெண்டு சுழிக் கையெழுத்து இந்த உலகத்துல இருந்தது நாலே நாள்” என்றாள் ஆதிலட்சுமி. “பதினெட்டுலேர்ந்து இருபத்தொண்ணு வரைக்கும். அப்போ தேர்தல் பேச்சே கிடையாது. செங்கேணி, அந்த நாலு நாள்ல நீங்க வேற எதுலயாவது கையெழுத்து போட்டீங்களா? வெறும் தாள்ல?”

“அந்த நாலு நாளும் பேய்மழைம்மா. ஏரி ரொம்பி கலங்கல் வழிஞ்சி போச்சு. கழனி வேலையே இல்ல. சாயங்காலம் பள்ளிக்கூடம் போனத வுட்டா வூட்டுலதான் கெடந்தேன். யாரும் வரல. எதுலயும்...”

நிறுத்தினாள்.

வெளியே ஒரு மாட்டுவண்டி கடந்து போனது.

“ரேசன் கார்டு” என்றாள் செங்கேணி. குரலே மாறிவிட்டது. “கார்டுல என் பேரு தப்பா கீதுன்னு மனு குடுக்கணும்னாரு. ரெண்டு வெள்ளத் தாளு. ‘எழுதறப்ப ஒண்ணு கெட்டுப்போனா இன்னொண்ணு இருக்கட்டும், ரெண்டுலயும் போடு’ன்னாரு. அரிசி பொடைக்கிற மொறத்தத் திருப்பி என் மடியில வச்சி, அதும்மேல தாள வச்சிப் புடிச்சிக்கினாரு. நான் போட்டேன். மொதமொதல்ல நான் கையெழுத்து போட்டுக் குடுத்தது அவருக்குத்தாம்மா. என் வூட்டுக்காரருக்கு.”

சுலோச்சனா அவள் தோளைத் தொட்டாள். செங்கேணி அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

“அவர எங்க கட்டி வச்சிருக்கானுங்களோ, அடிச்சிருப்பானுங்களோன்னு காலையிலேர்ந்து பதைச்சிக்கினு கீறேன். கோயிலுக்குக்கூட வேண்டிக்கினேன்.”

ஆதிலட்சுமி பதிவேட்டை மூடினாள். “செங்கேணி, இந்த நோட்டு மட்டும் போதாது. அந்தத் தாள் எப்போ கையெழுத்தானதுன்னு அதிகாரி முன்னாடி வெளிவந்தாகணும். அது வெளிவந்தா உங்க வீட்டு விஷயம் ஊர் விஷயம் ஆயிடும். யோசிச்சுக்குங்க. இப்பவே விட்டுட்டுப் போனா ஒருத்தருக்கும் தெரியாது.”

செங்கேணி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“எனக்குத் தெரியும்ல? வாங்க, மணி ஆவுது.”

*

திரும்பி வந்தபோது மணி இரண்டு இருபது. அலுவலக வாசலில் வெள்ளை அம்பாசடர் நின்றது. உள்ளே ஏகாம்பரம் நாற்காலியில் அமர்ந்திருந்தார். சலவை வேட்டி, விபூதி, மடியில் விரித்த துண்டு. பக்கத்தில் நின்றவனைப் பார்த்துச் செங்கேணி அப்படியே நின்றதும் மக்பூல் ஆதிலட்சுமியின் காதில் சொன்னான்: “கடத்தப்பட்டவர் புதுச்சட்டை போட்டுக்கினு வந்திருக்காரு மேடம்.”

சேட்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

“இன்னாம்மா செங்கேணி” என்றார் ஏகாம்பரம், நிதானமாக. “குடும்பத்தோட பேசி முடிவு பண்ணிட்டு, இப்ப ஆளுங்கள இட்டாந்து கலாட்டா பண்றது நல்லாவா கீது? நாளைக்கி இதே ஊர்ல நான்தான் உங்களுக்கெல்லாம் வேல குடுக்கணும்.”

செங்கேணி அவரைப் பார்க்கவே இல்லை. சேட்டுவைத்தான் பார்த்தாள். அவன் நிமிரவில்லை.

ஆதிலட்சுமி பதிவேட்டை மேஜையில் வைத்தாள். ஆனால் திறக்கவில்லை. வேதாசலத்திடம் பணிவாகச் சொன்னாள்: “சார், எங்க சந்தேகம் ஒண்ணே ஒண்ணுதான். இது இன்னிக்கு மனசார போட்ட கையெழுத்துதானா? எப்போ, எங்கே போட்டாங்கன்னு பார்த்தவங்க ஒருத்தர் சொல்லிட்டா போதும். நாங்க எழுந்து போயிடறோம்.”

“நியாயம்தான்” என்றார் வேதாசலம். “சேட்டு, நீர் சொல்லும். எப்போது கையெழுத்திட்டார்?”

“அது... சார்...” சேட்டு புதுச்சட்டையின் பொத்தானைத் திருகினான். “இன்னிக்கி... வந்து...”

“இன்னிக்கித்தான்யா, வாயத் தெறந்து சொல்லேன்!” ஏகாம்பரத்துக்குப் பொறுமை போய்விட்டது. “நான் சொல்றேன் சார். காலையில ஒம்போது, ஒம்போதேகால் இருக்கும். இவங்க வூட்டுல. நானே எதிர்ல நின்னுக்கினு இருந்தேன். ‘எனக்கு இந்த வம்பே வாணாம் மொதலாளி’ன்னு சொல்லிட்டு இந்தம்மாவே போட்டாங்க.”

“ஒன்பதேகால்?” என்றாள் ஆதிலட்சுமி. “நல்லா ஞாபகம் இருக்கா?”

“ரேடியோவுல ஒம்போது மணி சேதி முடிஞ்சி பாட்டு ஓடிக்கினு இருந்திச்சிம்மா. போதுமா?”

“போதுங்க. ரொம்ப நன்றி.”

வேதாசலம் மெதுவாக ரசீதுப் புத்தகத்தை இழுத்துத் திறந்தார். கடைசி வரியில் விரலை வைத்தார். பிறகு, சுவரோரம் இருந்த பெஞ்சைப் பார்த்தார்.

“ஏகாம்பரம், காலை எட்டு ஐம்பதிலிருந்து பத்து மணிவரை இந்த அம்மா அந்த பெஞ்சில் உட்கார்ந்து வாக்காளர் பட்டியல் படித்துக்கொண்டிருந்தார். எழுத்துக்கூட்டி, உரக்கப் படித்தார். என்னால் ஒரு கோப்பும் பார்க்க முடியவில்லை. நானே சாட்சி.”

ஏகாம்பரத்தின் கை துண்டைத் தேடியது. “நேத்தா இருக்கும்... எனக்கு நாள் சரியா ஞாபகம்...”

“மொதலாளி ஞாபகத்துலயும் ஒரு சுழி கொறையுது” என்றான் மக்பூல்.

இப்போது ஆதிலட்சுமி பதிவேட்டைத் திறந்தாள். நான்கு நாள், நான்கு ‘னி’. சிவப்பு வட்டம். அதன் பிறகு வரிசையாக இரண்டு மாதம் ‘ணி’. ரேஷன் கார்டு மனுவுக்கு வாங்கிய இரண்டு வெள்ளைத் தாளைப் பற்றி மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். வேதாசலம் கேட்டுக்கொண்டே கடிதத்தைப் பதிவேட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கடைசி மூன்று நெரிசல் வரிகளில் அவர் பார்வை நின்றது.

“சேட்டு” என்றார். “உம்மை யாராவது மிரட்டினார்களா?”

அவனுக்கு நல்ல கதவு ஒன்று திறந்திருந்தது. ஆமாம் என்று சொன்னால் போதும், பழி முழுவதும் ஏகாம்பரத்தின் தலையில் போய்விடும். செங்கேணியும் நம்ப விரும்பினாள். அவன் வாயையே பார்த்தாள்.

“இல்ல சார்” என்றான் சேட்டு. “யாரும் மிரட்டல. தாளு பொட்டியில மீந்து கெடந்திச்சி. நான்தான் போயி மொதலாளிகிட்ட சொன்னேன்.”

“ஏன்யா?” என்றாள் செங்கேணி. அவ்வளவுதான் கேட்டாள்.

அவன் முதல்முறையாக நிமிர்ந்தான். “டீக்கடையில போயி நின்னா, ‘செங்கேணி வூட்டுக்காரு வந்துட்டாரு, டீ போடு’ன்றான். முடிவெட்டப் போனா, ‘செங்கேணி புருசனா, குந்து’ன்றான். இருவது வருசமா மூட்ட தூக்கறேன். எனக்குன்னு ஒரு பேரு இருந்திச்சி. சேட்டுன்னு. நீ நின்னதுக்கே பாதி போயிடுச்சி. செயிச்சிட்டா மீதியும் போயிடும்னு தோணிச்சி.”

“உன் பேரு போயிடும்னு என் பேர எடுத்துக்கினு போயி அவருகிட்ட குடுத்தியா?”

சேட்டு மறுபடி தரையைப் பார்த்தான்.

“எனக்கு இந்தப் பேர எழுத முப்பத்தெட்டு வருசம் ஆச்சுய்யா.”

வேதாசலம் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். சிவப்புப் பேனாவை எடுத்து வாபஸ் கடிதத்தின் குறுக்கே ‘ஏற்கப்படவில்லை’ என்று எழுதி, கீழே காரணத்தையும் எழுதி, கையொப்பமிட்டார். குமாஸ்தாவை அழைத்து இறுதிப் பட்டியலில் இரண்டு பெயரையும் எழுதச் சொன்னார். ஏகாம்பரத்தைப் பார்த்து, “நீங்கள் சொன்ன சாட்சியத்தைக் கலெக்டருக்கு அறிக்கையாக அனுப்புகிறேன். இப்போது போகலாம்” என்றார்.

ஏகாம்பரம் எழுந்து போனார். ‘வாடா’ என்று சேட்டுவைக் கூப்பிடக்கூட மறந்துவிட்டார்.

வேதாசலம் செங்கேணியிடம் திரும்பினார். குரலில் கண்டிப்பு குறைந்திருந்தது. “ஒரு விஷயம் அம்மா. மனுவில் உங்களை முன்மொழிந்தவர் இவர்தான். அதை இனிமேல் மாற்ற முடியாது. தேர்தல் முடியும்வரை உங்கள் பெயரோடு இவர் பெயரும் இருக்கும்.”

“மாத்த வாணாம் சார்.” செங்கேணி சேட்டுவைப் பார்க்காமலே சொன்னாள். “இருக்கட்டும். பேரு போயிடும்னுதான பயந்தாரு? அதுல எழுதியே கீதுன்னு அவருக்கும் படிச்சிக் காட்டுங்க.”

மூன்று மணிக்குப் பட்டியல் ஒட்டப்பட்டது. செங்கேணி வெளியே வந்தபோது, அவளுடைய நடவுப் பெண்கள் முப்பது முப்பத்தைந்து பேர் சேற்றுக்காலோடு தெருவில் நின்றிருந்தார்கள். அம்பாசடர் இன்னும் கிளம்பவில்லை. ஏகாம்பரம் கார் கதவைப் பிடித்தபடி அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

“இன்னும் பதினஞ்சி நாளு கீது செங்கேணி. அதுக்கப்பறமும் நீ இந்த ஊர்லதான் வாழணும். ஞாபகம் வச்சிக்கோ.”

செங்கேணி குரலைத் தாழ்த்தவில்லை. தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

“இந்த ஊர்ல வாழறதுக்குத்தான் மொதலாளி நிக்கிறேன்!”

பெண்கள் கூச்சலில் காரின் ஹாரன் அமுங்கிப்போனது. அவர்கள் வழிவிடவில்லை. டிரைவர் பின்பக்கமாகவே எடுத்துக்கொண்டு போகவேண்டியதாயிற்று.

“எங்கேர்ந்து ஆரம்பிக்கப் போறீங்க?” என்று ஆதிலட்சுமி கேட்டாள்.

“மில்லு தெருவுலேர்ந்துதாம்மா. அங்கதான் ஓட்டு கேக்க யாரும் போவ பயப்படறாங்க.”

அவள் நடந்தாள். பெண்கள் அவளைச் சுற்றி நடந்தார்கள். கூட்டத்துக்குப் பத்தடி பின்னால் புதுச்சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு சேட்டு வந்துகொண்டிருந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை. போகச் சொல்லவும் இல்லை.